துணைக்கு ஓர் ஆள்

ஒரு மாபெரும் நாடு தன் ஞானத்தையெல்லாம் திரட்டிச் செய்யும் காரியம், துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதுதான். போர்களைக்கூட அமெரிக்கா இவ்வளவு யோசித்துத் தொடங்கியதில்லை.

அதிபர் தேர்தலில் நின்ற செனட்டர் வென்டல் ஸ்ட்ரூடுக்கு எண்பத்தொரு வயது. துணை தேடும் பொறுப்பை வழக்கறிஞர் மார்சி கோவாலிக்கிடம் கொடுத்திருந்தார்.

"எனக்கு ஏதாவது ஆயிட்டா, அந்த நிமிஷமே நாட்டை நடத்தணும். அப்படி ஒரு ஆளைக் கொண்டா, மார்சி."

மார்சி அதை நம்பினாள். அவள் செய்த ஒரே தவறு அது.

வரிக் கணக்கு, பழைய காதல், வளர்ப்பு நாய் வரை சலித்ததில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர், வெள்ளத்தில் மூழ்கிய தன் மாநிலத்தை மீட்ட கவர்னர் இங்கிரிட் ஹோல்ம். மற்றவர் நாடாளுமன்ற உறுப்பினர் பிராட் டன்லப். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. எதையாவது செய்தால்தானே?

ஓஹியோ விடுதி அரங்கில் 'இறுதித் தேர்வு' நடந்தது. வேட்பாளரும் துணையும் கைகோத்து உயர்த்த வேண்டும். ஆலோசகர் ஸ்கிப் உன்னிப்பாகப் பார்த்தார்.

"கவர்னர் மேடம், கையைக் கொஞ்சம் எறக்குங்க. செனட்டர் உங்க கையில தொங்குற மாதிரி இருக்கு."

"உயரமா பொறந்துட்டேன். மன்னிப்பு எழுதித் தரட்டுமா?"

"செருப்பை மாத்தினா போதும்."

மறுமுறை கை உயர்த்தியபோது செனட்டரின் முழங்கால் மடங்கியது. இங்கிரிட் தாங்கிப் படுக்கவைத்தார். டையைத் தளர்த்தினார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடு! கேமராவை அணை! ஸ்கிப், கதவைத் தெற!" அரங்கம் கீழ்ப்படிந்தது. ஸ்கிப்கூட ஓடினார்.

கைகள் உயர்ந்தபோது தட்டத் தொடங்கிய டன்லப், முன்வரிசையில் இன்னும் கைதட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல யாருமில்லை.

மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில் செனட்டர் நலமாக இருந்தார். மார்சி பூரித்துப்போயிருந்தாள்.

"பாத்தீங்களா சார்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சு, அந்த நிமிஷமே அவங்க நடத்திட்டாங்க!"

"அதாம்மா பயமா இருக்கு. நான் கீழ கெடக்கேன், நீங்க எல்லாரும் அவ பேச்சைக் கேக்குறீங்க. அந்தப் பையன் என்ன பண்ணான்?"

"கைதட்டினார்."

"நான் விழுந்தப்பவுமா?"

"விழுந்தப்புறமும்."

செனட்டரின் கண்கள் கலங்கின. "விசுவாசம்னா அதுதான்."

மார்சி அறிக்கை எழுதினாள்: 'அதிபரின் கடைசி மூச்சுவரை டன்லப் உடனிருப்பார்.' அடுத்த மூச்சு நாட்டினுடையது. அதற்கு அறிக்கையில் இடமில்லை.

கட்சி மாநாட்டில் செனட்டரின் கையும் டன்லப்பின் கையும் சரியான உயரத்தில் எழுந்தன. அரங்கமே எழுந்து கைதட்டியது. மார்சியும் தட்டினாள்.

நிறுத்தச் சொல்ல யாருமில்லை.