சுவர்தட்டி கண்டெடுத்த பச்சை

சுவர்தட்டி என்று ஓர் இனம் உண்டு. பழைய கட்டடத்தில் வீடு வாங்கிப் புதுப்பிக்கிற நண்பர் யாரும் உங்களுக்கு இதுவரை வாய்க்கவில்லை என்றால் இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொடுத்துவைத்தவர். வாய்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே நுழைகிறீர்கள், ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம் என்று வாயைத் திறக்கிறீர்கள், அதற்குள் அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், ஒரு சுவர் முன்னால் நிறுத்தி, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "கேட்டீங்களா?" என்பார். என்ன கேட்கும்? சுவர் என்ன பேசவா போகிறது? ஆனாலும் தலையை ஆட்டிவிடுங்கள். ஆட்டினால்தான் தண்ணீர் வரும்.

நம் கதாநாயகரும் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேலாளராக, பார்ப்பவர்களுக்கு நிதானமான மனிதராகத்தான் இருந்தார். நூற்றுப்பத்து வயதான, அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்ட ஒரு கட்டடத்தில் வீடு வாங்கினாரோ இல்லையோ, ஆளே மாறிப்போனார். மரபுக் கட்டட அலுவலகத்தைக் கேட்காமல் இங்கே எதையும் மாற்ற முடியாது என்று தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, இவருக்குப் பெருமை தாங்கவில்லை. யாரையும் கேட்காமல் நினைத்த இடத்தில் சுவரை உடைக்கிற நம்மைப் போன்றவர்கள்மேல் அன்றிலிருந்து அவருக்கு ஒரு பரிதாபம்.

சுவர்தட்டிகளுக்கு எல்லாம் பழசாகவும் இருக்கவேண்டும், எல்லாம் புதுசாகவும் இருக்கவேண்டும். போனைத் தொட்டால் விளக்கு எரியவேண்டும். ஆனால் சுவிட்ச் பாட்டன் காலத்துப் பித்தளையாக இருக்கவேண்டும். புதுக் கதவைப் பழசாகத் தேய்க்க ஒரு தச்சர், பழைய கதவைப் புதுசாகத் தேய்க்க இன்னொரு தச்சர். இரண்டு பேரும் ஒருநாள் கதவை மாற்றித் தேய்த்துவிட்டார்கள். இவர் வந்து பார்த்து இரண்டு பேரையும் பாராட்டினார்.

அவர் மனைவி பல் டாக்டர். இந்த வீட்டை வாங்கச் சம்மதித்தபோது அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் நின்றபடி பாத்திரம் கழுவ ஒரு சிங்க், அதற்குமேல் திறந்தால் தண்ணீர் வருகிற குழாய். பேராசை என்பீர்களா? இவரும் முதல் வேலையே அதுதான் என்று வாக்குக் கொடுத்தார். பதினொரு மாதம் ஓடிப்போயிற்று. பகலெல்லாம் அடுத்தவர் வாயைக் கொப்பளிக்கவைத்துவிட்டு வருகிற டாக்டர், வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கரிபிடித்த சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுப்போயிற்று.

எல்லாம் அந்தப் பச்சையால் வந்த வினை. கட்டடத்தின் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் சமையலறையின் ஒரே ஒரு சுவருக்குப் பின்னால்தான் இறங்குகின்றன. சிங்க் வைப்பதென்றால் அங்கேதான் வைக்கவேண்டும். பிளம்பர் வந்து சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, நாளைக்கு உடைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உடைக்கப்போகிற சுவர்தானே, அடியில் என்ன இருக்கிறது பார்ப்போமே என்று இவர் ஒரு கத்தியை எடுத்துச் சுரண்டினார். வெள்ளை. அதற்கடியில் மஞ்சள். அதற்கடியில் ரோஸ். அதற்கடியில், எந்தப் புண்ணியவான் அடித்தானோ, ஓர் ஊதா. ஐந்தாவதாக ஒரு பச்சை, பச்சைக்கு அடியில் வெறும் பூச்சு. அப்படியானால் இதுதானே முதல் பெயிண்ட்? கட்டடத்தைக் கட்டியவர்கள் கையால் அடித்த பெயிண்ட்? மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மா இருந்தாரா? படங்களோடு நாலு பக்கக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மரபுக் கட்டட அலுவலகத்துக்கு அனுப்பினார். எந்த மனுவானாலும் ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் யோசிக்கிற அலுவலகம் அது. இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு போடுங்கள் என்று கேட்டு வந்த முதல் மனு என்பதால் உருகிப்போய், ஒரே வாரத்தில் பதில் போட்டார்கள். சுவருக்குத் தனிப் பாதுகாப்பு. துளை கூடாது, குழாய் கூடாது, ஆணி கூடாது. அந்தப் பதிலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். ஆணி அடிக்கமுடியாததால் அது சுவரோரமாகத் தரையில் சாய்ந்து நின்றது.

சிங்க் என்னவாயிற்று என்று மனைவி கேட்டார்.

"சரித்திரத்துல ஓட்டை போடச் சொல்றியா?"

"போடுங்க. அடைக்கிறது என் தொழில், நான் பாத்துக்கறேன்."

இதற்கெல்லாம் மசிகிற ஆளா அவர்? வந்தவர்கள் போனவர்கள், மீட்டர் பார்க்க வந்தவர், வழிதவறி மேலே ஏறிவிட்ட கூரியர்காரர் என்று ஒருவரையும் விடாமல் பச்சையின் முன்னால் நிறுத்தித் தட்டிக் காட்டினார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்தார். சட்டி பானை விழுந்து விழுந்து குளியலறைத் தரையில் இரண்டு டைல்ஸ் உடைந்திருந்தன. மனைவி கிளினிக்கில் இருந்தார். கொத்தனாரையும் வழக்கம்போலச் சுவர் முன்னால் நிறுத்தி, நூற்றுப்பத்து வருஷத்துப் பச்சை என்று இவர் ஆரம்பித்ததும், கொத்தனார் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு ரொம்பச் சங்கடப்பட்டார்.

"சார், இது பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கு அடிச்சு மிச்சமான பெயிண்ட். நான்தான் அடிச்சேன். பதினேழு வருஷம் இருக்கும்."

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அந்த இடத்தில் அப்போதே ஒரு சிங்க் இருந்ததாம். குழாய் கசிந்து கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால், சமைக்கிற பழக்கமே இல்லாத அன்றைய வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டாராம். கொத்தனார்தான் குழாய் வாய்க்கு இரும்பு மூடி போட்டுப் புதிதாகப் பூசி, மேலே பச்சையை அடித்தாராம். அதற்கப்புறம் வாடகைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு நிறம் அடித்துக்கொண்டார்கள். குழாய் வாய் இருக்கிற இடத்தையும், இடுப்பு உயரத்தில், விரல் வைத்துக் காட்டினார். திறந்தால் அரை நாள் வேலைதான் என்றார்.

நம்மவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மனைவிக்கு சிங்க் வந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை மரபுக் கட்டட அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி இந்தப் பச்சையைப் பார்ப்பதற்கென்றே வருகிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பெஞ்சு என்று சொல்வது? யாரிடமும் மூச்சுவிடவேண்டாம் என்று கொத்தனாரிடம் கெஞ்சினார். கொத்தனார் சரி என்றார். போகும்போது மட்டும், "பாவம் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். சிங்க்குக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று அவரிடமே நேரில் கேட்டுவிடுவது என்று மனைவியும் லீவு போட்டுவிட்டு, காலைப் பாத்திரங்களை டப்பில் போட்டு இடுப்பில் ஏந்தியபடி நின்றார். இவர் பேச ஆரம்பித்தார். பேச்சு சூடுபிடித்தால் கை சும்மா இருக்காது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. வழக்கமாக நெஞ்சு உயரத்தில் தட்டுகிறவர். மூன்று நாளாக அந்த ஓர் இடத்தையே பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த பாவம், கை நேராக அங்கேயே போய்விட்டது.

டங்.

மனைவி டப்பைக் கீழே வைத்தார். பல்லைத் தட்டிப் பார்த்தே சொத்தையைச் சொல்கிறவர் அவர். கிட்டே வந்து, சுற்றிலும் நாலு இடத்தில் தட்டி, நடுவில் ஒரு தட்டு தட்டி, "உள்ள இரும்பு இருக்கு" என்றார். அதிகாரி தன் பையிலிருந்து சின்ன உளியை எடுத்துச் சுரண்டினார். மூடி வெளியே வந்தது. செய்த வருஷம் அதன்மேலேயே பதிந்திருந்தது. பதினேழு வருஷத்துக்கு முந்தியது.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைதான் தெரிஞ்சுது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

மனைவி செவ்வாய், புதன், வியாழன் என்று விரல்விட்டு எண்ணினார். சுவரின் பாதுகாப்பை உடனே எடுத்துவிடலாமா என்று அதிகாரியைக் கேட்டார். எடுக்கலாம், மனுப் போடுங்கள், ஒன்பது மாதம் ஆகும் என்றார் அதிகாரி. அதைக் கேட்டுக்கொண்டு டாக்டரம்மாள் டப்பைத் தூக்கி, கணவர் கையில் வைத்தார்.

"ஒன்பது மாசம்தானே. கழுவுங்க."

இப்போது நீங்கள் அந்த வீட்டுக்குப் போனால் குளியலறையில் முக்காலிமேல் இருப்பார். கை நிறையச் சோப்பு நுரை. போனைத் தொடாமலே விளக்கு எரிய ஏதோ வாங்கியிருக்கிறார், கைதான் ஈரமாயிற்றே. உங்களைக் கண்டதும் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டி, "கேட்டீங்களா?" என்பார். திருந்துகிற இனமா அது?

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் எதைத் தட்டிக் காட்டினீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவராக இருக்கவேண்டும் என்றில்லை. தேக்கு மேசையும் கணக்கில் சேரும், பழைய கடிகாரமும் சேரும். யோசித்து முடித்ததும் இன்னொன்று. நீங்கள் சௌகரியமாகக் கால் நீட்டி இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறதே, அது யார்?