நீலாயதாட்சி நனையாத கதை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு காலத்தில் ஒரு சத்தம் இருந்தது. தாய் நீர்நாய் ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம். பழுத்த இலை ஈரமண்ணில் விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான் கேட்கும். அதற்கப்புறம் ஆறு தன் பேச்சைத் தொடரும். கண் திறக்காத குட்டியாகப் பொந்தில் கிடந்த நீலாயதாட்சி, உலகத்தில் முதன்முதலாகக் கேட்டது அதைத்தான். இப்போது நீலாயதாட்சிக்கே மீசை நரைத்துவிட்டது. அதே ஆற்றில் இறங்க அவளுக்கு அனுமதி இல்லை.

சென்ற கோடையில் ஒரு முயல் ஆற்றில் விழுந்து செத்துப்போனது. காட்டுச் சபை கூடியது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கும் எவரும் இனி நீரிறங்கு அட்டை வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. நீலாயதாட்சியின் முழங்கால் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. மீன்களுக்கு நிரந்தர முகவரி இல்லாததால் அவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். ஆற்றங்கரையில் ஓர் உடும்பைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

இரண்டு மாதம் நத்தைகளைத் தின்று பார்த்தாள் நீலாயதாட்சி. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. இந்த மழைக்காலத்துக்குள் ஆற்றில் இறங்காவிட்டால் அடுத்ததைப் பார்க்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அட்டை கொடுக்கும் உரிமை 'பவளராணி' என்ற படகுக்கு மட்டும்தான் இருந்தது. வசதியுள்ள விலங்குகள் உல்லாசத்துக்குப் போகிற படகு அது. ஆறு நாள் அதிலேயே தங்கி, தின்று, தூங்கி, நாளுக்கு மூன்று தடவை முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் குதித்துப் பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டு ஏறி வரலாம். ஆகவே நீலாயதாட்சி, தன் வாசலில் ஓடும் ஆற்றில் இறங்குவதற்காக மூன்று நாள் நடந்து கடலுக்குப் போனாள்.

"கொடுத்து வெச்சவ. டூர் போறா" என்று நரிகள் பொருமின.

படகின் பயிற்றுநர் ரோஸ்லின் என்ற பூனை. முக்குளிப்பதில் பன்னிரண்டு சான்றிதழ் வாங்கியவள். பன்னிரண்டும் எழுத்துத் தேர்வு. இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் மேல் பட்டதில்லை. பட்டால் சொல்லிக்கொடுக்கும் தெளிவு போய்விடும் என்பாள்.

முதல் நாள் எல்லாருக்கும் ஒரு உடல்நலப் படிவம் கொடுத்தாள். அதில் முப்பத்து நான்கு கேள்விகள். 'தண்ணீருக்குள் உங்களுக்கு மூச்சு நின்றதுண்டா?' என்பது ஏழாவது.

நீலாயதாட்சி 'தினமும்' என்று எழுதினாள்.

ரோஸ்லின் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போடணும். அதான் ஆரோக்கியம்."

"நின்னாத்தானே மீன் பிடிக்க முடியும்?"

பக்கத்தில் இருந்த பூரணம் என்ற எருமை எட்டிப் பார்த்தாள். "அக்கா, எனக்கு மூணு சுவாசக் கோளாறு, ஒரு வலிப்பு. எல்லாத்துக்கும் 'இல்லை'. நீ போட்டுட்டு வா, காப்பி ஆறுது."

போட்டாள். அது அவள் எழுதிய முதல் பொய். காப்பி ஆறித்தான் இருந்தது.

மறுநாள் ஆழமில்லாத இடத்தில் அட்டைக்கான தேர்வு. வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலடியில் ஐந்து நிமிடம் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அடர்ந்த ரோமத்துக்கு மேல் ரப்பர் உடுப்பையும், அதற்கு மேல் சிலிண்டரையும் மாட்டி நீலாயதாட்சியை இறக்கினார்கள். தண்ணீர் முகத்தில் பட்டதுமே அவளுடைய மூக்கும் காதும் தாமாக மூடிக்கொண்டன. பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அடியில் போய்ச் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

மேலே ரோஸ்லின் கடிகாரத்தையும் தண்ணீரையும் பார்த்தாள். பூரணம் உட்கார்ந்த இடத்தில் குமிழிகள் பருப்பு கொதிப்பதுபோலக் கிளம்பின. நீலாயதாட்சி உட்கார்ந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை.

"குமிழி வரலை. ஃபெயில்" என்றாள் ரோஸ்லின், அவள் ஏறி வந்ததும்.

"முழு அஞ்சு நிமிஷமும் இருந்தேனே, கண்ணு."

"இருந்தா போதுமா? மூச்சு விடணும். 'மூச்சை அடக்காதே'. புத்தகத்துல முதல் விதி, முதல் பக்கம்."

"நான் எங்கே அடக்கறேன்? அதுவா நின்னுடுது."

"அப்ப உங்களுக்கு முக்குளிக்க வராது. மனசைத் தளர விடாதீங்க. எல்லாருக்கும் எல்லாம் வராது."

மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றாம் நாள் மறுபடி இறங்கினாள். மூச்சு விடு, மூச்சு விடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உடம்பு கேட்கவில்லை. நான்காம் நாள் காலையும் அதே கதை. ரோஸ்லின் தேர்வுக் கோப்பை மூடி நாடாவால் கட்டினாள். நீலாயதாட்சி படகின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் தண்ணீர். நீலத்தில் எத்தனை நீலம் உண்டோ அத்தனையும் கிடந்தது. அதில் ஒரு கையளவுகூட அவளுக்கு இல்லை.

அன்று மதியம் பூரணமும் மார்த்தாண்டன் என்ற மயிலும் ஜோடியாக இறங்கினார்கள். கடலுக்குள் துணையில்லாமல் போகக்கூடாது என்பது இரண்டாவது விதி. மார்த்தாண்டன் இதுவரை நாற்பது தடவை முக்குளித்தவர். நாற்பதும் படம் எடுத்துக்கொள்ளத்தான். பவளப்பாறைக்கு முன்னால் நின்று, பூரணத்திடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, தோகையை விரித்தார்.

கடலுக்கு அடியிலும் காற்றுபோல ஒன்று வீசும், அது நீரோட்டம். விரித்த தோகையைப் பாய்மரம் என்று நினைத்து அது அவரை இழுத்துக்கொண்டு போனது. வாயிலிருந்த குழாய் கழன்றது.

படகின் விளிம்பில் இருந்த நீலாயதாட்சி பார்த்தாள். ஒரு வரிசைக் குமிழிகள் படகை விட்டு விலகி ஓடின. பிறகு நின்றுவிட்டன.

"ரோஸ்லின், அங்கே குமிழி நின்னு போச்சு."

"அவர் பாஸ் பண்ணினவர்" என்றாள் பூனை, தலை நிமிராமல்.

நீலாயதாட்சி இறங்கினாள். சிலிண்டர் இல்லை, கண்ணாடி இல்லை, துணை இல்லை, கையெழுத்து இல்லை. ரப்பர் உடுப்பும் இல்லாததால், இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் அவள் ரோமத்தைத் தொட்டது. காது மூடிக்கொண்டது. உலகத்தின் படிவங்கள் எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டதுபோல அமைதி. பாறை இடுக்கில் தோகை மாட்டி, கண் செருகிக் கிடந்தார் மார்த்தாண்டன். நான்கு இறகைக் கடித்து அறுத்தாள். கழுத்தைக் கவ்வி மேலே கொண்டுவந்தாள்.

தளத்தில் கிடந்து, கால் படி உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு மார்த்தாண்டன் கேட்ட முதல் கேள்வி: "படம் வந்துச்சா?"

பின்னாலேயே ஏறி வந்த பூரணம் கேமராவை நீட்டினாள். "வந்துருக்கு. நீங்க றெக்கையை அடிச்சிட்டே போனீங்க. சந்தோஷத்துல ஆடுறீங்கன்னு நெனச்சுட்டேன்."

படகோட்டி சந்தியாகு என்ற கூழைக்கடா. அலகுப் பையில் மீனை வைத்துக்கொண்டே பேசுவார். அவர் வந்து நின்று எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"விபத்துன்னு எழுதினா துறைமுகத்துல மூணு மாசம் படகைக் கட்டிப் போட்டுருவாங்க" என்றார்.

"எழுதினா என் பயிற்றுநர் உரிமை போயிடும்" என்றாள் ரோஸ்லின்.

"நாற்பது முறை இறங்கியவனை ஒரு கிழவி கழுத்தைப் பிடித்து இழுத்தாள் என்று எழுதினால், நான் ஊரில் தலைகாட்ட முடியாது" என்றார் மார்த்தாண்டன். "நான் தானாகவே மேலே வந்தேன்."

"அப்ப இவங்க ஏன் நனைஞ்சிருக்காங்க?" என்றார் சந்தியாகு.

எல்லாரும் நீலாயதாட்சியைப் பார்த்தார்கள். அவளிடமிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. தளத்துப் பலகை சூட்டில் கால் வைக்க முடியவில்லை.

ரோஸ்லின் பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: 'மதியம் பலத்த மழை. தளத்தில் இருந்தவர் நனைந்தார்.'

"கீழே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. 'நான் தண்ணீரில் இறங்கவே இல்லை'ன்னு."

நீலாயதாட்சி பேனாவை வாங்கவில்லை. பூரணம் அவள் காதோரம் குனிந்தாள். அவள் குனிந்ததில் படகே லேசாகச் சாய்ந்தது.

"இப்பக் கேளுக்கா. கரைக்குப் போயிட்டா உன்னை யாருன்னு கேப்பாங்க."

"எனக்கு அட்டை வேணும்" என்றாள் நீலாயதாட்சி.

"நீங்க தேறலையே" என்றாள் ரோஸ்லின்.

"ஏம்மா, மழையே பெஞ்சிருச்சு" என்றார் சந்தியாகு. "இவங்க தேறினா என்ன கொறஞ்சு போகுது?"

இரண்டு தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். நீலாயதாட்சி தண்ணீரில் இறங்கவே இல்லை என்றது ஒன்று. நீலாயதாட்சி தண்ணீரில் இறங்க முழுத் தகுதி பெற்றவள் என்றது மற்றது. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. ஈரக்கை பட்டு இரண்டிலும் மை ஒரே மாதிரி கசிந்தது. இது அவள் எழுதிய இரண்டாவது பொய். முதலாவதைவிடக் கை நன்றாக ஓடியது.

மாலையில் துறைமுகத்திலிருந்து வயர்லெஸ் வந்தது. பலத்த மழை பதிவாகியிருப்பதால் பவளராணி உடனே திரும்ப வேண்டும். மழையில் கடலுக்குள் இறங்கினால் பயணிகள் நனைந்துவிடக் கூடும். மீதி இரண்டு நாள் உல்லாசம் ரத்தாயிற்று. கொளுத்துகிற வெயிலில், எல்லாரும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கரை இறங்கினார்கள். மார்த்தாண்டனின் தோகையில் நான்கு இறகு குறைந்திருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அவ்வளவு துல்லியமாக மழையைப் பதிவு செய்த ரோஸ்லினைக் காட்டு வானிலை அலுவலகத்தில் மேலதிகாரியாக எடுத்துக்கொண்டார்கள்.

நீலாயதாட்சி மூன்று நாள் நடந்து ஊர் வந்தாள். ஆற்றங்கரையில் உடும்பு அட்டையை வாங்கி, வெயிலில் தூக்கிப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தது. பிறகு பெரிய புத்தகத்தைப் புரட்டியது.

"இதுக்கு முன்னாடி இந்த ஆத்துல இறங்கியிருக்கீங்களா?"

இறங்கியிருக்கிறேன் என்றால், அட்டையில்லாமல் இறங்கிய குற்றம். நீலாயதாட்சி ஆற்றைப் பார்த்தாள். தான் பிறந்த பொந்தைப் பார்த்தாள்.

"இல்லை. இதான் முதல் தடவை."

உடும்பு எழுதிக்கொண்டது. அதற்கு நல்ல மனசு. "பயப்படாதீங்க பாட்டி" என்றது. "கரையோரமாவே இருங்க. ஏதாவதுன்னா கூப்பிடுங்க, எனக்கு நீச்சல் தெரியும்."

அதற்குப் பிறகு நீலாயதாட்சி ஏழு வருடம் அந்த ஆற்றில் மீன் பிடித்தாள். அவள் செத்தபோது, நீர் அனுபவம் ஏழு வருடம் என்று பதிவேட்டில் எழுதி மூடினார்கள்.

நீதி: பிறர் உயிரைக் காப்பாற்றுவது நல்லது, அப்போது மழையும் பெய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது.