கரமனை ஃபிளாட்டுக்குத் தகுதியானவர்

சொந்த வீட்டில் குடியிருப்பவன் சாதாரண மனிதன். இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவனோ, ஊருக்கே நிழல் தருகிற மகான். என் அக்கா புருஷர் சேஷன் அத்திம்பேர், ஆன்லைனில் ஒரு ‘முதலீட்டு முகாம்’ பார்த்துவிட்டு, கரமனையில் ஆற்றங்கரையோரம் ஃபிளாட் வாங்கி மகானாகிவிட்டார்.

"வீடு வாங்கறது பெரிசில்லைடா. நல்ல ஆளைப் பிடிக்கறதாக்கும் பெரிசு," என்றார். உடனே ‘வாடகைதாரர் தேர்வுக் குழு’ உதயமானது. அவர் தலைவர். நான் செயலாளர்; காப்பி இலாகாவும் என்னுடையதே.

குழு பம்பரமாகச் சுழன்றது. வக்கீல் வந்தார், காலி பண்ணச் சொன்னால் கோர்ட்டுக்குப் போவார். தள்ளுபடி. கல்யாணமாகாத பையன்கள் உரக்கச் சிரிப்பார்கள். தள்ளுபடி. கல்யாணமானவர்களுக்குக் குழந்தை பிறக்கும், அது சுவரில் கிறுக்கும். தள்ளுபடி!

அப்புறம் நர்ஸ் கௌசல்யா வந்தாள். அவள் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சொந்த ஊரான போனக்காட்டு மலைக்குத் திரும்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கோ ஹாஸ்டலில் ஒரு கட்டில்தான்.

"அட, இந்த மலையாள ஊர்ல தமிழா! நம்மவாளாச்சே!" அத்திம்பேர் துள்ளினார். "நீங்க எந்த அக்ரஹாரம்?"

"அக்ரஹாரம் இல்ல சார், தேயிலை எஸ்டேட்டு லயம். தாத்தா காலத்துல கொழுந்து பறிக்க வந்தவங்க."

அத்திம்பேர் துள்ளலை நிறுத்தினார். "எங்களுக்கு ஜாதி, மதமொண்ணும் கிடையாது, கேட்டியோ. ஆனா மீன் வைப்பியோ?"

"வேண்டாம்னா வைக்க மாட்டோம் சார்."

"இனிமே வைக்க மாட்டாய், சரி. இதுவரைக்கும் வச்சிருக்கியோ இல்லியோ?"

அத்திம்பேர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"அம்மாவுக்கு இருமல் உண்டோ?"

"ஓப்பரேஷன் கழிஞ்சதல்லே சார்... கொஞ்சம் உண்டு."

"புது பெயிண்ட்டும்மா. தாங்காது."

தள்ளுபடி.

அன்று சாயங்காலமே புரோக்கர் ஷிபு ஓடி வந்தான். "சாரே, அடிபொளி பார்ட்டி! துபாய்க்காரங்க. மீன் இல்ல, எறச்சி இல்ல, ஒச்சை சத்தம் இல்ல, விருந்தாளி இல்ல."

"குழந்தைகள்?"

"இல்ல."

"இருமல்?"

"ஏய்! இல்லவே இல்ல."

"எப்போ குடி வரா?"

"அவங்க வரமாட்டாங்க சாரே. துபாயிலேயே இருப்பாங்க. பழைய வீட்டு சோபா, கட்டில், அலமாரி மட்டும் இங்க வைக்கணும்."

அத்திம்பேருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

திங்கட்கிழமை சோபா வந்து இறங்கியது. ஆரத்தி எடுக்காத குறைதான்! ஆற்றுக் காற்று படட்டும் என்று ஜன்னலோரமாகப் போட்டோம். அப்போது கௌசல்யா போன் செய்தாள்: "சார், அம்மாவோட ஆஸ்பத்திரி வராந்தாவுல இருக்கேன். வேற எங்கயாவது வீடு உண்டோ?"

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, சோபாவைத் துணி போட்டு மூடினேன். எங்கள் குழு யாருக்கும் அநியாயம் செய்ததில்லை. அந்த அம்மாள் பேரிலும் நாங்கள் கண்ட குற்றம் ஒன்றே ஒன்றுதான்: ஆபரேஷனில் பிழைத்துவிட்டார்.