ஷெறோனை வீட்டில் கொண்டுபோய் விட்ட விபரம்

கோலியர்ஸ் வுட், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உங்கள் சர்க்கரையும் அத்தானின் முழங்காலும் சொல்வழி கேட்கின்றன என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் கர்த்தர் புண்ணியத்தில் சுகம்.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்கள் தம்பி, நாற்பத்தெட்டு வயதுக்காரன், பதினாறு வயதுப் பிள்ளையோடு காருக்குள் தனியே இருக்கப் பயந்து, சொந்தக் காருக்கு வெளியே கால் மணி நேரம் மழையில் நின்றான். பிள்ளை கண்ணாடியை இறக்கிக் குடையை நீட்டியது. வாங்குவது சரியா பிழையா என்று தெரியாமல் அதையும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா இதற்குள் மன்னார் முழுக்க வாட்ஸப்பில் அனுப்பியிருப்பா. நடந்ததை நான் சொல்கிறேன்.

போன தவக்காலத்தில் எங்கள் கோயில் பங்கில் பிள்ளைகள் பாதுகாப்பு வகுப்புக்கு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்து அனுப்பினார்கள். வந்து, பூசை முடிய மைக்கைப் பிடித்து, அங்கே தந்த தாளைத் தமிழாக்கி வாசித்தேன். வளர்ந்தவர் ஒருவர் வேறு வீட்டுப் பிள்ளையோடு காரில் தனியே போகக்கூடாது, அது யாராக இருந்தாலும் சரி என்று சபை முழுவதையும் கை உயர்த்த வைத்தேன். எல்லாருக்கும் மேலாகக் கை தூக்கியது பிலோமினம்மா. அடுத்தது ஷெறோனின் தாய் றொசாந்தி.

நேற்று சட்டனில் ஒரு பிறந்தநாள். எங்கள் இரண்டு குழப்படிப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஷெறோன் ஸ்ட்ரெதமிலிருந்து வந்திருந்தாள். இவர்களுக்கு அஞ்சாமல் இரண்டாம் முறையும் வந்த ஒரே பிள்ளை அவள்தான். நாங்கள் திரும்பி வர ஏழு மணி. சின்னவன் காய்ச்சல் விட்டு அப்போதுதான் நித்திரையாகியிருந்தான். தாய்க்காரி றஜீனா வீட்டை விட்டு அசையேலாது, அவளுக்குக் கார் ஓட்டவும் தெரியாது. “டாக்சி பிடிச்சு விடுவம்” என்றேன்.

“தெரிஞ்ச உங்களோடை விடேலாதாம், தெரியாதவனோடை விடலாமோ? இதைத்தானோ அந்த வகுப்பிலை படிச்சனீங்கள்?” என்றாள் றஜீனா.

“அன்ட்டி, சீரியஸ்லி, நான் பஸ்லயே போறன். ஸ்டொப் முன்னுக்குத்தானே” என்றாள் ஷெறோன்.

“இருட்டிப்போச்சு. கொம்மா றொசாந்தி என்ன நினைப்பா?” என்றாள் றஜீனா.

ஆகவே துணைக்குப் பிலோமினம்மாவைக் கூப்பிட்டோம். அவ சீலை மாற்றி வரும்வரைதான் நான் அந்த மழையில் நின்றது. வந்தவ கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டா.

“போகேக்கை பிள்ளை இருக்கு. வரேக்கை?”

“வரேக்கை நீங்களும் நானும்தானேயம்மா.”

“அதைத்தான் கேக்கிறன். நான் புருசன் இல்லாதவள், நீ குடும்பகாரன். சனம் என்ன கதைக்கும்?”

“உங்களுக்கு எழுபத்திமூண்டு வயசு.”

“கதைக்கிற சனம் வயசு கேட்டோ கதைக்குது?”

அவ வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பீற்றரையும் ஏற்றினோம். கேட்டதும் சப்பாத்தோடு ஓடி வந்தான். எவ்வளவு நல்ல பெடியன் என்று நினைத்தேன். ஸ்ட்ரெதமில் சிவப்பு விளக்கில் கதவைத் திறந்தான்.

“அண்ணை, நான் இதிலை இறங்கிறன். எட்டு மணிக்கு ஷிப்ட்.”

“அப்ப திரும்பி வரேல்லையோ?”

“வாறன் அண்ணை. காலமை ஆறு மணிக்கு.”

றொசாந்தி வீட்டுக்குள் போய்ச் சோபாவில் இருந்த பிலோமினம்மா, என்னோடு தனியே வரமாட்டன் என்று ஒரே பிடி. அடுப்பில் கறி கொதிக்க, “சரி, துணைக்கு நான் வாறன்” என்று றொசாந்தி சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டா. விட்டதும் நின்றா. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்: பிலோமினம்மாவை இறக்கிய பிறகு றொசாந்தியை யார் துணையோடு திருப்பிக் கொண்டுவருவது? அவவின் மனுசனும் வேலையில். கழற்றின ஜாக்கெட்டை ஷெறோன் திரும்பப் போட்டாள். “நானும் வாறன். அம்மா, அடுப்பை நிப்பாட்டுங்கோ.”

ஆக, நான் வீட்டில் கொண்டுபோய் விட்ட பிள்ளையை நானே திருப்பி என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். பிலோமினம்மா இறங்கினா. தாயும் மகளுமாக இரண்டு பேர், இனி ஒரு பிரச்சினையும் இல்லை, வாருங்கள் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

“விட்டிட்டு நீங்கள் தனியத் திரும்பி வரவேணுமே. அதுக்கு ஆரைத் துணைக்கு விடுறது?” என்றா றொசாந்தி. சிரிக்கவில்லை. முன்னால் பஸ் வந்து நின்றது, இருவரும் ஏறினார்கள். ஏழு மணிக்குக் கேட்ட பஸ்ஸில் பிள்ளை ஒன்பது மணிக்குப் போனாள்.

இன்று பூசையில் றொசாந்தி, “இனிப் பிள்ளையை அனுப்பிறதெண்டால் யோசிச்சுத்தான்” என்றுவிட்டா. அக்கா, வாற சனிக்கிழமை தொடக்கம் றஜீனாவுக்கும் ஷிப்ட், எனக்கும் ஷிப்ட். ஷெறோன் வராவிட்டால் இரண்டில் ஒரு வேலை போகும். றொசாந்தி சின்னனில் உங்களிட்டைப் படித்தவ. உங்கள் சொல்லுக்கு இன்னும் பயம் இருக்கு. தம்பி விதிப்படி நடந்தவன், விதி அப்படி, அவன் என்ன செய்வான் என்று ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோ.

மடு மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். அத்தானின் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி றஜீவ்

பி.கு.: உங்களுக்குப் படம் பிடித்து அனுப்புவோம் என்று அந்த வகுப்புத் தாளைத் தேடி எடுத்தேன். அதற்குப் பின்பக்கமும் இருக்கிறது. பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு போன் எடுத்துச் சொல்லி, பிள்ளையைப் பின்சீற்றில் இருத்தினால் கொண்டுபோய் விடலாமாம். அந்தப் பக்கத்தை நான் தமிழாக்கவில்லை. அன்று கிரிக்கெட் இருந்தது.