ராஜகுரு விட்ட சொல்

ராஜகுருவின் வாயில் அந்தச் சொல் பாதி வந்துவிட்டது. 'அட்' வரைக்கும் வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினார். மீதி, மிளகாய் வத்தல் காம்பு மாதிரி தொண்டையில் நின்றது.

எதிரே கோட்டைச்சாமி. திருச்சுழிப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி. விளைந்த வத்தலை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, அருப்புக்கோட்டையில் ராஜகுருவின் கமிஷன் கடை வாசலில் இறக்கியிருந்தார். வத்தலில் லேசாக ஈரம் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, ஈரத்துக்கு எடையில கழிவு போடுவீகளா?"

இதற்கு ராஜகுருவிடம் வழக்கமான பதில் ஒன்று உண்டு. பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்ணே. கழிவு உண்டு என்றும் அதற்குப் பொருள், இல்லை என்றும் பொருள். சம்சாரி இல்லை என்று எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார். ராஜகுரு உண்டு என்று எடுத்துக்கொண்டு தராசுக்குப் போவார். இதுவரை யாருக்கும் மனஸ்தாபம் வந்ததில்லை.

ஆனால் இப்போது அவர் கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது.

எல்லாம் ஒரு நெஞ்சுவலியில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வெறும் வாயு, பஜ்ஜியைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் போகிற வழியிலேயே அவர் மனைவி ராமலட்சுமி அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். ஆள் பிழைத்து வந்தால் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி, பொங்கல் முடியும்வரை வாயில் அதிகம் புழங்குவது எதையாவது விட்டுவிடுவார் என்று.

டீயை விடுகிறேன் என்றார் ராஜகுரு. உங்கள் வாயில் டீயைவிட அதிகம் புழங்குவது அந்த அட்ஜஸ்ட்தான், அதை விடுங்கள் என்றாள் ராமலட்சுமி.

அவளுக்கு அந்தச் சொல்லோடு பழைய பகை உண்டு. கல்யாணமான ராத்திரி ஃபேன் சுற்றவில்லை. புது மாப்பிள்ளை அவளிடம் பேசிய முதல் பேச்சே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பதுதான். ரோஷினி பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அந்த ஃபேன் சுற்றவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடுக்கிக்கொள்ள அந்தச் சொல். குழம்பில் உப்புக் கூடினால் அது. அவருடைய அக்கா வந்து ஆறு மாதம் தங்கினாலும் அதுதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடமும் அதைத்தான் சொன்னார். அங்கே அதற்கு, நாளைக்குப் போடலாமே என்று பொருள்.

டீயா சொல்லா என்று தீராமல் கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ராமலட்சுமியே பூ வாங்கி, ஒரு இலையில் செவ்வரளியும் இன்னொன்றில் வெள்ளை அரளியும் என்று சொல்லி, பொட்டலம் மடித்து அம்மன் முன்னால் வைத்தாள். சிவப்பு வந்தால் சொல், வெள்ளை வந்தால் டீ. சாமி கும்பிட வந்த யார் வீட்டுப் பிள்ளையோ ஒன்றை எடுத்தது. பிரித்தால் சிவப்பு. மற்றதை ராமலட்சுமி பிரிக்காமலே முந்தானையில் முடிந்துகொண்டாள். அம்மா சொன்ன பிறகு அதையும் பிரித்துப் பார்ப்பது சந்தேகப்படுவது மாதிரி இருக்குமாம்.

ஒரு சொல்தானே என்று ராஜகுருவும் சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, காதுல விழுகுதா? கழிவு உண்டா இல்லையா?"

"சமாளிச்சுக்கலாம்ணே" என்றார் ராஜகுரு.

"சமாளிக்கிறதுன்னா? எம்புட்டு?"

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பழைய சொல்லுக்கு மட்டும்தான் யாரும் பொருள் கேட்பதில்லை. வேறு எதைச் சொன்னாலும் கேட்கிறார்கள். கொஞ்சம் அப்படி இப்படிப் போகும் என்றார். எப்படி, எப்படி என்றார் கோட்டைச்சாமி. வியர்த்துவிட்டது. அம்மன் காப்புக்குள்ளிருந்து முறைப்பது போல இருந்தது.

"கழிவு கெடையாது. போங்க."

கோட்டைச்சாமி டீக்கடைக்குப் போகவில்லை. அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டார். மறுநாள் காலையில் கடை வாசலில் லோடு ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. அந்த வட்டாரத்திலேயே காயாத வத்தலாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

இனி வாயையே திறப்பதில்லை என்று ராஜகுரு முடிவு செய்தார். கடையில் எடை போடும் அய்யப்பனைக் கூப்பிட்டு, யார் வந்தாலும் முதலாளி விரதம் என்று சொல்லிவிடு என்றார். அய்யப்பன் விசுவாசமானவன். என்ன விரதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கமும் சொன்னான்.

"காப்பு அவுக்குற வரைக்கும் அண்ணாச்சிகிட்ட இந்தா அந்தாங்குற பேச்சே கெடையாது. கேட்டா உண்டு, இல்லை. ரெண்டுல ஒண்ணு சொல்லிருவாக."

அவ்வளவுதான். ராஜகுருவிடம் வருஷக்கணக்காகக் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களெல்லாம் புறப்பட்டு வந்தார்கள்.

முதலில் பக்கத்துக் கடை சங்கரலிங்கம். ராஜகுரு கடையின் தகரச் சாய்ப்பு அவர் கடை போர்டை மறைக்கிறது. எடுப்பீர்களா மாட்டீர்களா என்றார். ராஜகுரு பேசாமல் கையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். பழைய சொல்லின் சைகை அது. வாயால் சொல்லாததால் விரதம் கெடாது என்று கணக்கு. சங்கரலிங்கம் அதைப் பார்த்து, பிரித்து அந்தப் பக்கம் போடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் சாய்ப்பு இறங்கிவிட்டது. பங்குனி வெயில் நேரே ராஜகுருவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது.

பிறகு பாலவனத்தத்திலிருந்து மச்சான் உதயகுமார், பேத்தி காதுகுத்துக்கு வருவீர்களா என்று கேட்டு வந்தார். வரவில்லை என்றால் உறவு முறியும். சைகையையும் இனி நம்ப முடியாது. வருகிறேன் என்றார். அதே நாளில் மல்லாங்கிணற்றில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. அவரும் வந்து கேட்டார். அவருக்கும் வருகிறேன் என்றார். இரண்டு பேரும் வெளியே டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். திரும்ப உள்ளே வந்து, ராஜகுருவின் எதிரே ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் போகாமல் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கடைக்குப் போனால்தானே இந்தப் பாடு. மறுநாள் உடம்பு சரியில்லை என்று ராஜகுரு வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

அதுதான் அவர் செய்ததிலேயே பெரிய தப்பு. வீட்டில் ரோஷினி இருந்தாள்.

ரோஷினி ஒரே மகள். துணிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடப் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பங்குனி முடிவதற்குள் சேர வேண்டும். தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வராது. போ என்று சொல்ல மனசு வராது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு சொல்லைப் பாய் மாதிரி விரித்துப் படுத்திருந்தார். கம்பெனிக்காரனுக்கே அலுத்துப்போய் வேறு ஆளைப் போட்டுவிடுவான், மகள் வீட்டோடு இருப்பாள் என்பது அவர் போட்டிருந்த திட்டம்.

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் கோயம்புத்தூர் போகட்டுமா, வேண்டாமா?"

ராஜகுரு இருமிப் பார்த்தார். டீ ஆறிவிட்டது என்றார். நெஞ்சைத் தடவினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ரோஷினி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சின்ன வயசில் பொருட்காட்சி ராட்டினத்துக்குக் கீழே நின்று, ஏறட்டுமா என்று அவரை அண்ணாந்து பார்த்த அதே பார்வை. அன்றைக்கும் அவர் ஏதோ அட்ஜஸ்ட் சொல்லித்தான் ஏற்றாமலே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ராட்டினம் மட்டும் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

"போயிட்டு வாத்தா" என்றார்.

அடுப்படியில் பாத்திரம் மறுபடி சத்தம் போட்டது.

பொங்கல் முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். அந்தச் சொல் திரும்பக் கைக்கு வந்த பிறகு, ரோஷினியிடம் அதைச் சொல்லிப் பார்க்கலாமா என்று ராஜகுருவுக்கு ஒரு கணம் தோன்றியது. போவதுதான் போகிறாள், அடுத்த வருஷம் போகட்டும், கொஞ்சம் அட்ஜஸ்ட். ஆனால் தயங்கினார். இதெல்லாம் தானாகவா நடந்தது? பூ எடுத்துக் கொடுத்தவள் அம்மன். அவள் போட்ட வழியில் குறுக்கே படுக்க ராஜகுரு யார்?

மதுரை பஸ்ஸில் ரோஷினியை ஏற்றி ஜன்னல் சீட்டில் உட்காரவைத்தார்கள். பஸ் போன பிறகும் ராஜகுரு கொஞ்ச நேரம் நின்றார். கண்ணில் புழுதி என்றார். ராமலட்சுமி முந்தானையைக் கொடுத்துவிட்டு, காய்கறிக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நகர்ந்தாள்.

அம்மனுக்கு ஒரு சரம் சாத்திவிட்டுப் போகலாம் என்று அவர் கோயில் வாசலுக்கு வந்தார். மாரிக்கனி பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சிவப்பும் வெள்ளையும் கலந்து கட்டிக் குடும்மா. அம்மா எனக்கு நல்ல வழி காட்டிருக்கா" என்றார்.

மாரிக்கனி கூடையைக் கிளறினாள்.

"வெள்ளை தீந்துபோச்சு அண்ணாச்சி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அன்னைக்குப் பூக்கட்டிப் பாக்கக்கூட மதினி ரெண்டு பொட்டலத்துக்கும் செவப்பே போதும்னுதான வாங்கிட்டுப் போனாக."