பெட்டி போட்ட பரீட்சைத் தாள்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பாளையங்கோட்டையில் ஒரு உறையை வாங்கி, திருநெல்வேலி டவுனில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும்.

வழியில் வண்ணார்பேட்டை, அதைத் தாண்டினால் ஆற்றுப் பாலம். வேறொன்றும் இல்லை. ஒரு கழுதையின் முதுகில் கட்டி அனுப்பியிருந்தால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அனுப்பியது என்னை. நான் பி.ஏ.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கிடையாது. அதனாலோ என்னவோ, யாராவது என்னை நம்பி ஒரு காகிதத்தைக் கொடுத்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். பட்டம் வாங்கிய அன்றே பட்டத்தின் மேல் வியர்த்து, என் பெயரில் ஒரு எழுத்து கலங்கிப் போயிருக்கிறது.

அப்போது நான் வக்கீல் சங்கரலிங்கம் பிள்ளையிடம் எழுத்தராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தருமக் கமிட்டியில் பிள்ளையும் ஒரு அங்கத்தினர். அங்கே படித்து முடித்த ஞானமுத்து என்பவரை அதே பள்ளியில் வாசிப்பு வாத்தியாராகப் போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பிள்ளை ஒருவர்தான் கையெழுத்துப் போட மறுத்தார்.

"அவங்க வாசிக்கல்ல வே. எவனாவது முன்னாடியே சொல்லிக் குடுக்கான், இவங்க உருப்போடுதாங்க. பெறகு விரலைச் சும்மா தாள்மேல ஓட்டிக்கிட்டு ஒப்பிக்காங்க. நான் முப்பது வருஷமா சாட்சிகளைப் பாக்கேன். எனக்குத் தெரியாதா?"

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தலைமை ஆசிரியர் யாரும் அறியாத ஒரு பாடத்தைப் புதிதாக எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டியது. பிள்ளையின் ஆளே அதை வாங்கி வர வேண்டியது. ஞானமுத்து பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, எழுத்துப் பிசகாமல், கமா, முற்றுப்புள்ளி உட்பட வாசிக்க வேண்டியது. வாசித்தால் வேலை. இல்லாவிட்டால் நாற்காலி பின்னுகிற கொட்டகைக்குத் திரும்ப வேண்டியது. ஞானமுத்துவுக்கு நாற்காலி பின்னுவது என்றால் ஆகாது என்று ஊருக்கே தெரியும்.

பிள்ளையின் ஆள் என்றால் நான்தான்.

தலைமை ஆசிரியர் உறையைக் கையில் கொடுத்து, "நனையப்படாது, மடியப்படாது, முக்கியமா ஒரு சுருக்கம் விழப்படாது தம்பி. ஞானமுத்துவோட சோறு இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

அந்த மூன்றையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். வெயில் பட்டால் காய்ந்து சுருங்குமோ என்று உறையைக் கோட்டுக்குள் வைத்தேன். வியர்வை பட்டால் நனையுமோ என்று வெளியே எடுத்தேன். இப்படி உள்ளும் வெளியுமாகப் பாதி தூரம் போனபோது எதிரே ஒரு எருமை வந்தது.

வாய்க்காலில் முங்கிவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தது. அதன் ஈரம் உறையில் பட்டுவிடக் கூடாதே என்று ஓரமாக ஒதுங்கினேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகமாக ஒதுங்குகிற பழக்கம். வாய்க்காலுக்குள் விழுந்தேன்.

ஆனால் உறையை விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, உறையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். ஒரு சொட்டு படவில்லை.

எருமை நின்று என்னைப் பார்த்தது. பிறகு அதற்கு என்ன தோன்றியதோ, திரும்பி நின்று ஈர வாலை ஒரு வீசு வீசியது. உறை மேல் சரியாகப் பட்டது.

மேய்க்கிறவர் பின்னால் வந்தார். "ஏன் வே, குளிக்கதுன்னா கோட்டைக் கழத்திட்டுக் குளிக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கரையேறி உறையைப் பார்த்தேன். ஒட்டியிருந்த பசை ஊறித் தானாகவே வாயைத் திறந்திருந்தது. உள்ளே நனைந்திருந்தால் உலர்த்த வேண்டுமே என்று பைய எடுத்தேன்.

நடுவில் ஒரு தாள். அதில் மையால் அழகாக எழுதிய தமிழ்ப் பாடம். நல்ல வேளை, நனையவில்லை. அதற்கு மேலும் கீழுமாக நான்கு கெட்டித் தாள்கள். அவற்றில் ஒரு எழுத்தும் இல்லை. பாடம் கசங்காமல் இருக்க வைத்த அட்டைகள் என்று உடனே புரிந்துகொண்டேன். எதையும் உடனே புரிந்துகொள்வது படிப்பால் வருவது.

அட்டைகளில் ஈரம் இருந்தது. அது மட்டுமா, நான்கிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம். நனைந்ததில் காகிதம் பொரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நீங்கள் கேட்கலாம், கண் தெரியாதவர் பின்னே எதை வாசிப்பார் என்று நீ நினைத்தாய் என்று. சின்ன வயதில் ஒரு பாதிரியார் வீட்டில் கண் தெரியாதவர்களுக்கான புத்தகம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்று பிள்ளை வீட்டுக்குத் தனியாக வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். புள்ளியில் எழுதுகிற முறை ஒன்று இருப்பதை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு சுருக்கம் விழப்படாது என்றார் தலைமை ஆசிரியர். இங்கே ஆயிரம் கொப்புளம்.

வண்ணார்பேட்டைக்கு ஓடினேன். ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியில் கரியை விசிறிக்கொண்டிருந்தார். பெயர் மாடசாமி என்று பிறகு தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒரு அவசரம்."

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். கோட்டுப் போட்டவர்கள் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது.

"என்னையா கூப்பிட்டீரு?"

"ஆமா அண்ணாச்சி. இந்த அட்டையெல்லாம் நனைஞ்சு கொப்புளிச்சுப் போச்சு. சமப்படுத்தித் தரணும்."

அவர் என் கால்சட்டையிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்தார். "அட்டை மட்டுந்தானா?" என்றார். பிறகு ஒன்றை வாங்கித் தடவினார். "அம்மை போட்டிருக்கே தம்பி இதுக்கு. யார் வீட்டு அட்டை?"

"கண் தெரியாதவங்க பள்ளிக்கூடத்து அட்டை."

அவர் முகம் மாறிவிட்டது. "அட பாவமே. கண்ணு தெரியாதவங்க கையில இப்படிச் சொரசொரன்னு இருக்கதைக் குடுக்கலாமா? விரல் நோகும்லா. இங்கன தாரும்."

வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு புஸ்ஸென்று அட்டை மேல் ஊதினார். பெட்டியை வைத்து அழுத்தினார். கொப்புளம் லேசில் போகவில்லை.

"என்ன தம்பி, பிடிவாதமா நிக்கி."

"முடியாதா அண்ணாச்சி?"

"கலெக்டர் ஆபீஸ் கஞ்சிச் சட்டையையே படுக்க வச்சவன் நான். இது என்ன."

முன்புறம் தேய்த்தார், பின்புறம் தேய்த்தார், மறுபடியும் முன்புறம் தேய்த்தார். முடித்து நீட்டினபோது கன்னம் போல வழவழவென்று இருந்தது. கூலி கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். "தரும காரியம், எனக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டும்."

நான் பாலத்தில் நடந்தபோது என் மேலேயே எனக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த நாளில் அது கடைசி.

டவுனில் பிள்ளை வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. கட்சிக்காரர்களைப் பார்க்கிற கச்சேரி அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் பிள்ளை. இந்தப் பக்கம் ஞானமுத்து, சலவை வேட்டியும் மேல்துண்டுமாக, விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஈரக் கோட்டோடு நின்று, எருமை முதல் உறை திறந்தது வரை ஒளிக்காமல் சொன்னேன். இஸ்திரியைச் சொல்லவில்லை. அதைப் போய்ப் பெருமையடித்துக் கொள்வானேன் என்றிருந்தது.

"பாடத்தை வேற யாரும் பாக்கல்லையே?" என்றார் பிள்ளை.

"எருமைதான் ஐயா."

"அது சொல்லிக் குடுக்காது. வையும்."

மை எழுத்துத் தாளைப் பிள்ளை எடுத்துக்கொண்டார். நான்கு அட்டைகளையும் ஞானமுத்துவின் முன்னால் வைக்கச் சொன்னார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வைத்தேன்.

ஞானமுத்து இரண்டு கைகளையும் முதல் தாளில் வைத்தார். இடமிருந்து வலமாக ஓட்டினார். கீழே இறக்கினார். தாளைத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஓட்டினார்.

"ஆரம்பியும்" என்றார் பிள்ளை.

"ஐயா, இதுல ஒண்ணுமில்ல. வெறுந்தாளு."

இரண்டாவதை எடுத்தார். "இதும் வெறுந்தாளு." மூன்றாவது. "இதும்." அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீரா? யாரும் சொல்லிக் குடுக்காத பாடம்னா வெறுந்தாளாப் போயிருது. சரி, நீர் போய் நாற்காலியைப் பின்னும்." பேனாவை மையில் தொட்டார்.

ஞானமுத்து எழுந்திருக்கவில்லை. "ஐயா, எழுத்து இருந்தா வாசிப்பேன். இல்லாததை எப்படி வாசிக்க? வழவழன்னு வாழையிலை மாதிரில்லா இருக்கு."

யாரோ என் வேலையைப் பாராட்டியது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வழவழன்னுதான் இருக்கும்" என்றேன். "பெட்டி போட்டுல்லா கொண்டாந்திருக்கேன்."

ஞானமுத்துவின் முகம் பைய என் பக்கம் திரும்பியது.

"என்ன போட்டீரு?"

"பெட்டி. இஸ்திரிப் பெட்டி. அட்டையில ஈரம் பட்டுக் கொப்புளமா இருந்துது. விரல் நோகும்லா?"

ஞானமுத்து மடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். பிரித்து, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அதே கொப்புளம்.

"இதும் நனைஞ்சுட்டா?" என்று கேட்டேன்.

"இது எழுத்து வே. நீர் என் பரீட்சையைத் தேய்ச்சுட்டீரு."

நல்ல வேளை, கால்சட்டை ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் வேறெதுவும் தெரியவில்லை.

பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்புப் போய்விட்டது. அவருக்குள் இருந்த வக்கீல் வந்துவிட்டார். "ஏலே பி.ஏ., இது நீங்க ரெண்டு பேரும் கூடிப் பேசின வேலையா? பரீட்சை நடக்கப்படாதுன்னு அழிச்சீங்களா?"

"ஐயா, சத்தியமா இவரை நான் இப்பத்தான் பாக்கேன்."

"நான் இன்னும் பாக்கவே இல்ல" என்றார் ஞானமுத்து. அவர் கை நான்காவது தாளுக்குப் போயிருந்தது. "பொறுங்க. இங்கன ஒரு மூலையில கொஞ்சம் கிடக்கு."

மாடசாமி அண்ணாச்சி தாள் நழுவாமல் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்ட மூலை அது. பெட்டி அங்கே போகவில்லை.

ஒற்றை விரல் அந்தத் துண்டு இடத்தில் போய்ப் போய் வந்தது. "வாழைக்காய். பெறகு கமா. பெறகு மு. அதுக்குமேல இல்ல."

பிள்ளை மைத் தாளில் தேடினார். அம்பாசமுத்திரம் சந்தையைப் பற்றிய பாடம். தேடிய இடத்தில் அவர் விரல் நின்றது. எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்.

"மு-ன்னா என்ன? முருங்கைக்காய்தானே?"

"இருக்கலாம் ஐயா."

"சந்தையில வேற என்ன இருக்கப் போவுது? முருங்கைக்காய்னு சொல்லிரும். வேலையைப் போட்டுத் தாரேன்."

"முள்ளங்கியாவும் இருக்கலாம்லா. விரலுக்கு மு மட்டுந்தான் தெரியுது. மிச்சத்தை பி.ஏ.கிட்டக் கேளுங்க."

"அது கமாதானா? முற்றுப்புள்ளியா இருக்கப்படாதா?"

"கமாவுக்கு ஒரு புள்ளி. முற்றுப்புள்ளிக்கு மூணு. ஐயாவே விரலை வச்சுப் பாக்கலாம்."

பிள்ளை எழுந்து வந்தார். மோதிர விரலை வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் அப்படியே நின்றார்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் கடைசியில்.

நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "உருப்போட்டவனா இருந்தா முதல் தாளிலேயே ஒப்பிச்சிருப்பான். வெறுந்தாளுன்னு சொல்லியிருக்க மாட்டான்." இது தனக்குத்தானே சொன்னது. பிறகு எங்களிடம் சொன்னார். "தெரிஞ்சதை மட்டும் சொல்லிட்டு, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுத ஒரு சாட்சிக்காக முப்பது வருஷமா நாயா அலையுதேன். வேலையே தாரேன்னாலும் ஒரு முருங்கைக்காயைக்கூட வாயில இருந்து வாங்க முடியல்ல."

கையெழுத்துப் போட்டார். ஞானமுத்து முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என் ஈரக் கோட்டைத் தடவிப் பார்த்து, "இதைப் பெட்டி போட மறந்துட்டீரே" என்றார்.

நான் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போறீரு?" என்றார் பிள்ளை. "இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துப் பரீட்சை எல்லாத்துலயும் நடுவுல ஒரு தாளு வழவழன்னு இருக்கணும். ஒப்பிக்கவன் அங்கன மாட்டுவான். அதுக்கு நீர்தான் பொறுப்பு."

அடுத்த பரீட்சைக்குள் மாடசாமி அண்ணாச்சியிடம் போய்த் தொழில் பழகிக்கொண்டேன். வாயால் தண்ணீர் ஊதுவது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

ஊருக்குப் போயிருந்தபோது அப்பா எல்லார் முன்னாலும் வைத்து, "ஏலே, உனக்கு அங்க என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். பரீட்சைத் தாள் தயாரிக்கிற பொறுப்பு என்று சொன்னேன். நான் பொய் சொல்லுகிறவன் இல்லை. எதை வைத்துத் தயாரிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.