ஜமைக்கா மாமாவின் சுமைதாங்கி

ஜமைக்காவின் ரோடுகளைப் பற்றி ஜமைக்காக்காரர்களை விட அதிகமாகக் கவலைப்பட்ட மனிதர் மயிலாப்பூரில்தான் குடியிருந்தார். மெட்ராஸில் தூறல் போட்டால் நாமெல்லாம் கொடியில் காயும் துணியை நினைப்போம். அவர், "அங்கே மண் சரியாம இருக்கணுமே" என்பார். அப்போது தாம்பரத்தைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் இன்ஜினீயரிங் ஆபீஸ். முதலாளி செய்த ஏதோ புண்ணியத்தில், ஜமைக்காவில் ஒரு மலைரோட்டுக்குப் பிளான் போடும் வேலை கிடைத்தது. மலைமேல் இருந்த கிராமங்களுக்கு அதுவரை பஸ் கிடையாது. ரோடு வந்தால்தான் பஸ். தலைமை இன்ஜினீயர் இவர். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் ஜமைக்கா மாமாதான். நான் அவரிடம் பிளான் வரையும் டிராப்ட்ஸ்மேன், அதாவது வசமாக அகப்பட்டுக்கொண்டவன்.

கொண்டை ஊசி வளைவின் அகலம் போதுமா என்று சந்தேகம் வந்தால் மற்ற இன்ஜினீயர்கள் கணக்குப் போடுவார்கள். இவர் என்னைப் பனகல் பார்க்குக்கு இழுத்துப் போவார். தரையில் சுண்ணாம்பால் வளைவு போட்டு, குடையை அகலவாட்டில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"நான் பஸ். நீ எதிர்ல வர லாரி. ஹாரன் அடிச்சுண்டு வா."

தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "பாம் பாம்" என்றேன்.

"இது லாரியா? பால்காரன் சைக்கிள் மாதிரி இருக்கு. திரும்பப் போய் வா."

சுண்டல் விற்றவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, "இன்னா நைனா, பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைத் தனியாக விசாரித்தார். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை.

பஸ் நிறுத்தங்களை வரையும் கட்டத்தில்தான் வினை வந்தது. அளவெடுக்க அடையாறு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். ஊரூர் குப்பத்து மீன்காரி தனம் கூடையோடு ஏறப்போக, கண்டக்டர் கூடாது என்று விசில் அடித்துவிட்டார். பஸ் போய்விட்டது. கூடையைத் தரையில் வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் தலைச்சுமையோடே அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

மாமா பக்கத்தில் போனார். "ஏம்மா, கழுத்து வலிக்கலையா?"

"பாத்துக்கினே நின்னா தெரியுமா? நீயே வச்சுப் பாரு நைனா."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் சலவைச் சட்டையுமாக நின்ற மாமா, கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுவிட்டார். மீன் தண்ணீர் விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. பஸ் வரும்வரை மனிதர் இறக்கவில்லை. அன்று மாமி அவரைக் கிணற்றடியிலேயே நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் கொட்டிய பிறகுதான் உள்ளே விட்டாளாம்.

மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தவர், ஜமைக்காவின் பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் ஒரு சுமைதாங்கி வரையச் சொன்னார். நட்ட இரண்டு கல்லின் மேல் படுக்கையாக ஒரு கல். நம் ரோட்டோரங்களில் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் அதில் இறக்கலாம், ஏற்றிக்கொள்ளலாம்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ஜமைக்காவுல எதுக்கு சார் இது? அந்த ஊர் ஆபீசர் அடுத்த வாரம் வர்றாரு. பாத்துட்டு இவனுங்களுக்குப் பைத்தியம்னு போயிட்டா மொத்த வேலையும் போச்சு. எடுத்துடுங்க."

"அந்த ஊர்ப் பொம்மனாட்டிகளும் தலையிலதான் சுமக்கறா. அவா அனுப்பின போட்டோவுல பார்த்தேன். நிக்கறவா கழுத்தைப் பத்தி யோசிக்காம என்ன பஸ் ஸ்டாப்? கல்லை எடுத்தேள்னா நானும் போறேன்."

"போறதுன்னா நாம எல்லாருமாத்தான் சார் போகணும்" என்றார் முதலாளி.

எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை இல்லாத மாப்பிள்ளையைப் பெண் வீட்டில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

ஆபீசர் வந்தார். மாடி வாசலில் அவருடைய தலை இடித்தபோதே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மாமா இரண்டு உயரமான ஸ்டூல்களின் மேல் பலகை போட்டு, மாதிரிச் சுமைதாங்கி தயாராக வைத்திருந்தார். எல்லாம் தனத்தின் உயரத்துக்கு. ஜமைக்காக்காரர்கள் வேறு உயரமாக இருக்கலாம் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேங்காய்க் கூடையை மாமா நீட்ட, ஆபீசர் மரியாதைக்குத் தலையில் வாங்கிக்கொண்டார். பலகை அவருடைய நெஞ்சுக்குத்தான் வந்தது. குனிந்தார். கூடை சரிந்தது. தேங்காய்கள் படிப்படியாகக் குதித்து, கீழே முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு நடுவே போய்ச் சேர்ந்தன. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் என் கல்யாணத்தை மறந்துவிடத் தயாரானேன்.

ஆபீசர் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பேசினார். அவருடைய இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது; அந்தப் பாதி போதும். அவருடைய அம்மா மலையிலிருந்து கிழங்குக் கூடை சுமந்து சந்தைக்கு நடந்தவளாம். கல் இருக்கட்டும், எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஏற்றிப் போடுங்கள் என்றார்.

"ஏத்திடறேன். ஆனா குள்ளமா ஒருத்தி வந்தா என்ன பண்ணுவா? ரெண்டு உயரமா போட்டுடலாம்" என்று மாமா அவசரத்தில் தமிழிலேயே சொன்னதை, நான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். ஆபீசர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டும்போது நீங்களே வந்து நிற்க வேண்டும் என்றார்.

மாமா போனார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து, வெயிலில் கறுத்து, பாதியாக இளைத்துத் திரும்பி வந்தார். ஆபீஸே அவரைச் சூழ்ந்துகொண்டது.

"பஸ் ஓடுதா சார்?" என்று கேட்டேன்.

"ஓடறது. மொத நாள் ஒரு அம்மா கூடையோட வந்தா. கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் இறக்கி வெச்சுட்டு, கழுத்தை இப்படித் தடவிண்டா."

தன் கழுத்தைத் தடவிக் காட்டினார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நம் ஆபீஸ்களில் அதெல்லாம் வழக்கமில்லை. அதனால் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காபி வாங்கிக் கொடுத்தேன்.